சுண்ணாம்புக்கு அடியில் வளர்ந்தவள்

விஜயலெட்சுமி கோப்பைகளை மூன்றாவது தடவையும் எண்ணிப் பார்த்தாள். பதின்மூன்றுதான் இருந்தன.

நேற்று வந்தவர்கள் பதினாலு பேர். பதினாலு பேருக்கும் அவளேதான் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தாள். இஸ்தோப்புத் திண்ணையில் தேடினாள், உட்காருகிற வாங்குக்கு அடியில் குனிந்து பார்த்தாள். ஒரு கோப்பையைக் காணவில்லை.

போன வாரக் கதை கொஞ்சம் ஞாபகம் இருக்கட்டும். ஹாலிஎலவுக்கு மேலே வெள்ளைப்பாறைத் தேயிலைத் தோட்டம். அங்கே தொழிலாளர் குடும்பங்கள் அறைக்கு ஒன்றாக வாழ்ந்த, நூற்றுப்பத்து வருஷம் பழைய பத்துக் காம்பரா லயம் ஒன்று. ஆட்களையெல்லாம் இரண்டாயிரமாம் ஆண்டு புது வீடுகளுக்கு அனுப்பிய பிறகு, நாலு வருஷமாகப் பூட்டிக் கிடந்தது. இப்போது சண்டை நின்று, வெளிநாட்டுக்காரர்கள் மறுபடி மலையேறத் தொடங்கிவிட்டார்கள். துரை பங்களாவை ஹோட்டலாக்கிய கம்பெனி, லயத்தையும் காட்சிக்கு வைக்கப் போகிறது. வருகிற சனிக்கிழமை திறப்பு. அதற்கு முன்னாலேயே ஹோட்டல் வேனில் ஆட்கள் பார்க்க வரத் தொடங்கிவிட்டார்கள்.

விஜயலெட்சுமி பிறந்தது அந்த லயத்தின் ஏழாம் நம்பர் காம்பராவில். பிறந்த வீட்டைச் சுற்றிக் காட்டுவதற்குச் சம்பளம் வாங்குகிறவள் அந்தத் தோட்டத்திலேயே அவள் ஒருத்திதான். அவளுடைய அண்ணன் ஜெயகுமார் ஹோட்டல் வேனை ஓட்டுகிறான். அம்மா கருப்பம்மா மட்டும், புது வீட்டுக்குப் போன நாளிலிருந்து இந்தப் பக்கம் கால் வைத்ததில்லை.

"அக்கா, இஞ்ச ஒருக்கா வாங்கோ."

உள்ளேயிருந்து கூப்பிட்டது துவாரகா. பழைய சுவர்களைப் பழுதாகாமல் காப்பாற்றுவதற்கென்று கம்பெனி கூட்டிவந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை. குரல் வழக்கமான குரலாக இல்லை.

ஏழாம் காம்பராவுக்குள் போனதும் அந்த வாசம் வந்தது. இரண்டு வாரமாக இப்படித்தான். துவாரகா சுண்ணாம்பைச் சுரண்டச் சுரண்ட, என்றோ அணைந்த அடுப்பின் புகை வாசம் சுவரிலிருந்து கிளம்பிக்கொண்டே இருந்தது. யாரோ இப்போதுதான் சமைத்துவிட்டு எழுந்து போன மாதிரி.

"இதை ஆர் செய்தது?"

துவாரகா காட்டிய இடத்தில், கயிறு கட்டிப் பாதுகாத்த சுவரில், புதிதாக ஒரு கோடு. கோட்டின் நுனியில் மூன்று சின்னக் கீறல். கீழே தரையில் கொஞ்சம் வெள்ளைத் தூள்.

"முந்தாநேத்து இல்லீங்க மிஸ் இது."

"நேற்று வந்த ஆக்கள்தான். நீங்கள் எங்க போனனீங்கள்?"

"தேத்தண்ணி ஊத்தப் போனேங்க. அஞ்சு நிமிசம்தான்."

"ஒரு சுவரைக் கெடுக்க அஞ்சு நிமிசம் காணும் அக்கா. நான் இரண்டு கிழமையாத் தூரிகையால தட்டித் தட்டி எடுத்தது. கயிறைத் தாண்டி வந்து ஆணியால கீறிப்போட்டுப் போயிருக்கினம்."

விஜயலெட்சுமி அந்த மூன்று கீறலையே பார்த்துக்கொண்டு நின்றாள். அது அவளுக்குப் புதிதில்லை. சுவரில் ஏற்கெனவே இருக்கிற குறிதான்.

அதைச் சொல்லிவிடுகிறேன். விஜயலெட்சுமி, ஜெயகுமாரின் அப்பா முருகையா எழுதப் படிக்கத் தெரியாதவர். ஒவ்வொரு தீபாவளிக்கும் காம்பராவுக்குச் சுண்ணாம்பு அடிப்பதற்கு முன்னால், பிள்ளைகளைச் சுவரோரம் நிறுத்தி, தேயிலை வெட்டும் கவ்வாத்துக் கத்தி நுனியால் தலை உயரத்துக்கு ஒரு கோடு போடுவார். ஜெயகுமாருக்கு ஒரு வட்டம், விஜயலெட்சுமிக்கு ஒரு இலை என்று கோட்டுப் பக்கத்தில் குறி. அளந்ததும் பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டுத்தான் சுண்ணாம்பு வாளியைத் தூக்குவார். அடுத்த வருஷம் நாலு விரல் தள்ளிப் புதுக் கோடு. இப்படி வருஷத்துக்கு ஒரு வெள்ளை, நடுவில் வருஷத்துக்கு ஒரு புகைக் கறுப்பு. துவாரகா அதை ஒவ்வொன்றாக உரித்து, சுவரில் ஒரு படிக்கட்டு மாதிரி வைத்திருந்தாள்.

வட்டமும் இலையும் சரி. அவற்றோடு இன்னொரு பிள்ளைக்கு மூன்று கீறல். அது யார் என்று போன வாரம் துவாரகா கேட்டபோது விஜயலெட்சுமி பதில் சொல்லாமல் வெளியே போய்விட்டாள்.

வாசலில் சப்பாத்துச் சத்தம். ஹோட்டல் மனேஜர் ஸரூக் தலையைக் குனிந்து உள்ளே வந்தார். புதுக் கீறலைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார்.

"இதத்தான் மிஸ் நா தொடக்கத்துலயே சொன்ன. சுண்ணாம்பு நிக்காது. இண்டைக்கு பன்ரெண்டு மணிக்கு மேசன் மொஹிதீன் பாஸ் வாறாரு. முழுக்கக் கொத்தி எடுத்திட்டா உள்ள கருங்கல்லு. அதுல ஆணியால கீறேலா."

"கல்லை மட்டும் காட்டினா அது குதிரை லாயம் மாதிரித்தான் இருக்கும் சேர். ஆக்கள் இருந்த இடம் எண்டு எப்பிடித் தெரியும்?"

"வாற ஆக்கள் நூறு வருசப் பழசப் பாக்கத்தான் வாறாங்க. இது எழுவது, எம்பதாம் ஆண்டுச் சுண்ணாம்பு. இதப் பாக்க யாரு பிளேன் ஏறி வருவா?"

"அப்ப ஆக்களை இந்தக் காம்பராவுக்குள்ள விடாதேங்கோ."

"ஆக்கள் வராட்டி கூர நிக்காது மிஸ். அஞ்சாம் காம்பரா கூர போன மழையோட விழுந்தத நீங்களும் கண்டீங்கதானே. தகரம் யாரு தருவா? சுவருக்கு ஒரு கத இருந்தா நா ஹெட் ஆபிசோட பேசலாம். கீறல் விழுந்த சுண்ணாம்ப வெச்சி நா என்னத்தப் பேச?"

இரண்டு பேர் சொல்வதும் சரியாகத்தான் இருந்தது. விஜயலெட்சுமிக்குப் பயம் வந்ததும் அதனால்தான். இதில் ஒருவராவது கெட்டவராக இருந்தால் எதிர்த்துச் சண்டை போடலாம்.

ஸரூக் மணியைப் பார்த்துக்கொண்டு வெளியே போனார். அப்போது பத்தரை.

துவாரகா கோபம் தணிந்து தரையில் உட்கார்ந்தாள். "அக்கா, உங்களைப் பேசினதுக்குக் குறை நினைக்காதேங்கோ. ஆனா பன்ரெண்டு மணிக்கு இது இருக்காது. அதுக்கு முதல் எனக்கு ஒண்டு தெரியவேணும். மூன்று கீறல் ஆர்?"

"எங்க பெரியக்கா. பாக்கியலெட்சுமி."

"இப்ப எங்க இருக்கிறா?"

"செத்துட்டாங்க மிஸ். எழுவத்தி நாலு, பஞ்சத்துல. நா அப்ப கைப்புள்ள. பதுள ஆசுபத்திரிக்குக் கொண்டு போனாங்களாம், திரும்ப வரல. எட்டு வயசு."

துவாரகா எழுந்து விஜயலெட்சுமியின் கையைப் பிடித்துச் சுவர்ப் பக்கம் கூட்டிப் போனாள்.

"கடைசியாச் சுண்ணாம்பு அடிச்சது தொண்ணூற்றொன்பது எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். அதிலயிருந்து கீழ எண்ணிக்கொண்டு வாறன். இது எழுபத்தி நாலு. மூன்று கீறல் உங்கட நெஞ்சளவில இருக்கு. எட்டு வயசுப் பிள்ளைதான், சரி. இது எழுபத்தஞ்சு. பாருங்கோ."

எழுபத்தைந்தில் மூன்று கீறல் இரண்டு விரல் மேலே இருந்தது.

எழுபத்தாறில் இன்னும் இரண்டு விரல்.

விஜயலெட்சுமி கையை இழுத்துக்கொண்டாள். துவாரகா விடாமல் சொல்லிக்கொண்டே நடந்தாள். எழுபத்தொன்பதில் ஒரேயடியாக மூன்று விரல் ஏறியிருந்தது, வயதுக்கு வந்த பிள்ளை மாதிரி. எண்பத்து மூன்றில் கத்தி கருங்கல் வரைக்கும் இறங்கியிருந்தது. எண்பத்தைந்துக்குப் பிறகு ஏறவில்லை, வளர்ந்து முடிந்த பெண்ணுக்கு ஏறாதது போல. ஆனால் கோடு மட்டும் வருஷா வருஷம் விழுந்துகொண்டே இருந்தது. தொண்ணூற்றொன்றில் அப்பா போய்ச் சேர்ந்தார். அதோடு வட்டமும் இலையும் நின்றுவிட்டன. மூன்று கீறல் நிற்கவில்லை. தொண்ணூற்றிரண்டு, தொண்ணூற்று மூன்று என்று தனியாகவே வந்தது.

"செத்த பிள்ளை எப்பிடி அக்கா வளரும்?" துவாரகா மெதுவாகத்தான் கேட்டாள்.

இந்தச் சுவரோரம்தான் விஜயலெட்சுமியின் பாய் இருந்தது. இருபத்தேழு வருஷம் இதில் முதுகை ஒட்டித்தான் தூங்கினாள். அவள் முதுகுக்குப் பின்னால், சுண்ணாம்புக்கு அடியில், ஒருத்தி வளர்ந்துகொண்டே இருந்திருக்கிறாள்.

ஜெயகுமார் வேனைக் கழுவிக்கொண்டிருந்தான். தங்கச்சி வந்து சொன்னதைக் கேட்டதும் தண்ணீர்க் குழாய் அவன் கையிலேயே ஓடிக்கொண்டிருந்தது.

"அண்ணே, அக்கா போனப்ப ஒனக்கு நாலு வயசு இருந்திருக்கும். எதாச்சும் ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"என்ன இருக்கு?"

"தல சீவி விட்டாங்க. நல்லா எண்ண வெச்சு, ரெட்டச் சட, ரிப்பன் கட்டி. சிவப்புப் பை ஒண்ணு கையில குடுத்தாங்க. ஆசுபத்திரிக்குப் போற புள்ளைக்கு எதுக்கு ரிப்பன்னு அப்பவே தோணுச்சு."

"ஏன் யாருகிட்டயும் கேக்கல?"

"கேட்டா அப்பா சாப்பாட்ட வெச்சிட்டு எந்திரிச்சுப் போயிருவாரு. ரெண்டு தடவ கேட்டேன். அப்பறம் கேக்கல. லயத்துல வெவரம் தெரிஞ்சவுங்க எல்லாரும் இந்தியாவுக்குக் கப்பலேறிட்டாங்க." குழாயை மூடினான். "அம்மாவக் கூட்டியாரப் போறேன்."

"வரமாட்டாங்க அண்ணே. நாலு வருசமா எத்தன தடவ கூப்புட்டேன்."

ஆனால் அம்மா வந்துவிட்டாள். "சொவர ஒடைக்கப் போறாங்கம்மா" என்று ஜெயகுமார் சொல்லி முடிப்பதற்குள் கருப்பம்மா செருப்பை மாட்டியிருந்தாள். தீபாவளிக்கு ஊறவைத்திருந்த சுண்ணாம்பு வாளியை அப்படியே விட்டுவிட்டு, முற்றத்துக் கொடியில் கிடந்த துண்டை இடுப்பில் சுற்றிக்கொண்டு வந்தாள். துண்டுக்குள் என்னவோ இருந்தது. வேனில் ஒரு வார்த்தை பேசவில்லை.

அவர்கள் வந்து சேர்ந்தபோது பதினொன்றே முக்கால். மூடுபனி லயத்து வாசல் வரைக்கும் இறங்கியிருந்தது. மொஹிதீன் பாஸ் உளியையும் சுத்தியலையும் சாக்கில் விரித்து வைத்திருந்தார். ஸரூக் பக்கத்தில் நின்றார்.

கருப்பம்மா யாரையும் பார்க்கவில்லை. ஏழாம் காம்பராவுக்குள் குனிந்து போனாள். படிக்கட்டு மாதிரி உரித்து வைத்த சுவரின் முன்னால் நின்றாள். அவள் நினைத்திருந்தது ஒரு வெள்ளைச் சுவரை. இருபத்தாறு வருஷமும் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக நிற்கும் என்று அவள் எப்படி எதிர்பார்ப்பாள்.

"எல்லாத்தயும் தொறந்துட்டீங்களே" என்றாள்.

"அம்மா, அக்கா சாகலயா?" விஜயலெட்சுமி கேட்டாள்.

"தெரியாது."

"தெரியாதுன்னா?"

"மா இல்ல, அரிசி இல்ல. நீ பால் குடிக்கிற புள்ள, எனக்குப் பாலும் இல்ல. கொழும்புல ஒரு வீட்டுல வேலைக்குப் புள்ள கேக்குறாங்க, மூணு வேளயும் சோறுன்னு ஒருத்தர் வந்தாரு. சோறுன்னதும் அவளே போறேன்னா. தல சீவி அனுப்புனேன்."

ஜெயகுமார் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டான்.

"மொதல்ல கடுதாசி வந்துச்சு. கணக்கப்புள்ள படிச்சுக் காட்டுவாரு. அப்பறம் அதுவும் நின்னுபோச்சு. எம்பத்தி மூணு கலவரம் முடிஞ்சு ஒங்க அப்பா தேடிப் போனாரு. வீடு எரிஞ்சு வெறும் சொவருதான் இருந்துச்சாம். அந்த வீட்டு ஆளுங்க எங்க போனாங்கன்னு யாருக்கும் தெரியல. திரும்பி வந்து மூணு நாளு பேசல. தீவாளி வந்துச்சு, கத்திய எடுத்தாரு. இந்த வருசம் எவ்வளவு வளந்திருப்பான்னு என்கிட்டதான் கேப்பாரு. அந்த வருசம் கேக்கல. அவரே கீறுனாரு."

எண்பத்து மூன்றாம் வருஷத்தில் கத்தி ஏன் கல் வரைக்கும் இறங்கியது என்று யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

"எங்ககிட்ட எதுக்கும்மா செத்துட்டான்னு சொன்னீங்க?"

"செத்துட்டான்னா அழுது முடிச்சிருவீங்க. இருக்கான்னா தெனமும் கேப்பீங்க. ஒங்க அப்பாகிட்ட ஏது பதிலு?"

வெளியே மொஹிதீன் பாஸ் தொண்டையைச் செருமினார். "சேர், மழ வரப் போகுது. தொடங்கவா?"

கருப்பம்மா இடுப்புத் துண்டை அவிழ்த்தாள். உள்ளே கவ்வாத்துக் கத்தி. பிடி தேய்ந்து வழவழப்பாக இருந்தது.

"பாசு, ஒரே ஒரு கோடு. புது வீட்டுக்குப் போனப்பறம் நாலு வருசமா போடல. லயத்த விட்டுப் போன அன்னைக்கு, அவள உள்ள வெச்சுப் பூட்டிட்டுப் போற மாதிரி இருந்துச்சு. அதான் இந்தப் பக்கமே வரல. போட்டுட்டுப் போயிர்றேன். அப்பறம் ஒடச்சுக்கங்க."

துவாரகா முன்னுக்கு வந்தாள். சுவரைத் தொடாதே என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள் அவள். "அம்மா, கத்தி வைக்க…" என்று தொடங்கியவள் விலகி வழிவிட்டாள். இந்தச் சுவரை இருபத்தாறு வருஷமும் உண்டாக்கியதே அந்தக் கத்திதான்.

கருப்பம்மா தொண்ணூற்றொன்பதுக்குப் பக்கத்தில் நாலு விரல் தள்ளிக் கையை வைத்தாள். கை அங்கேயே நின்றுவிட்டது.

"இங்க யாரு போட்டது?"

"நேத்து வந்த யாரோம்மா" என்றாள் விஜயலெட்சுமி. "கயித்தத் தாண்டி வந்து ஆணியால கீறிட்டாங்க. அதுக்குத்தான் மிஸ்ஸு காலைல கோவப்பட்டாங்க."

கருப்பம்மா முகத்தைச் சுவரோடு ஒட்டி வைத்துக்கொண்டு பார்த்தாள். பிறகு ஒவ்வொரு கீறலாக விரலால் தடவினாள்.

"ஒங்க அப்பா போட்டது வலப்பக்கம் சாயும். நா போட்டதும் அப்பிடித்தான். இது எடப்பக்கம் சாஞ்சிருக்கு."

"அதுக்கென்னம்மா?"

"நொட்டாங்கைக்காரி அவ. சோறு திங்கிறதுக்கே அடிச்சு அடிச்சுத்தான் கைய மாத்துனேன்."

தகரக் கூரையில் முதல் துளிகள் விழுந்தன.

"இங்க நிண்டிருக்கிறா" என்றாள் துவாரகா. "இதெல்லாத்தையும் பார்த்துக்கொண்டு நிண்டிருக்கிறா. தன்னை ஒவ்வொரு வருசமும் அளந்ததை."

கருப்பம்மா தொண்ணூற்றொன்பதின் கோட்டில் ஒரு கையையும் புதுக் கோட்டில் ஒரு கையையும் வைத்தாள். புதுக் கோடு நாலு விரல் கீழே இருந்தது. வலது கை மெதுவாக இறங்கி வந்து, புதுக் கோட்டுக்கு மேலே, ஒரு தலையைத் தடவுகிற மாதிரி நின்றது.

"இவ்வளவுதான் வளந்திருக்கா" என்றாள். "நாங்கதான் கூட்டி வளத்துட்டோம்."

கத்தியை மறுபடி துண்டில் சுற்றினாள். கோடு போடவில்லை.

துவாரகா தன் பதிவுக் கொப்பியைத் திறந்தாள். காலையில் எழுதிய ஒரு வரி அதில் இருந்தது: 'பார்வையாளர் ஒருவரால் ஏற்பட்ட சேதம்.' அதை ஒரு கோட்டால் வெட்டினாள். கீழே எழுதினாள்: 'இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு அடுக்கு.' எழுதியதை ஸரூக்கிடம் நீட்டினாள். "கதை இருந்தாப் பேசலாம் எண்டனீங்கள்" என்றாள்.

ஸரூக் படித்தார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "பாஸ், சாமான்கள சுத்துங்க. இண்டைக்கு வேணாம்." பிறகு கருப்பம்மாவைப் பார்க்காமலே சொன்னார்: "நா பேசுறன். ஆனா வெள்ளிக்கெழம வரைக்கும்தான் என்னால நிப்பாட்டேலும். கதய, கீறிட்டுப் போன அந்தப் பொம்புள வாயாலயே சொல்லணும். இல்லாட்டி ஹெட் ஆபிசுல இது ஆணிக் கீறல்தான்."

"அண்ணே, நேத்து வேன்ல வந்ததுல யாருன்னு தெரியுதா?"

ஜெயகுமார் வேன் நின்ற பக்கம் திரும்பிப் பார்த்தான். "பதுள ஸ்டேசன்ல ஏத்துனேன். பதிமூணு பேரு சேரு சொன்ன ஆளுங்க. ஒருத்தவுங்க மட்டும் தனியா வந்து, எடம் இருக்கான்னு சிங்களத்துல கேட்டாங்க. நா சேரோட ஆளுன்னு நெனச்சேன்."

"எனக்குத் தெரிஞ்சி பதிமூணு பேருதான்" என்றார் ஸரூக்.

"திரும்பிப் போறப்ப அவுங்க ஏறல. பஸ்ல போய்க்கிறேன்னாங்க. நானும் வந்துட்டேன்." அவன் நிறுத்தினான். "கடைசி பஸ் போயி ஒரு மணித்தியாலத்துக்கு மேல ஆச்சு அப்ப. அது எனக்கு இப்பதான் ஒறைக்கிது."

விஜயலெட்சுமிக்கு அந்தப் பெண்ணின் குடை ஞாபகம் வந்தது. நீலக் குடை. மற்றவர்கள் எல்லாரும் அது எங்கே, இது எங்கே என்று அவளைக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அந்தப் பெண் ஒன்றும் கேட்கவில்லை. தேத்தண்ணீரை வாங்கிக்கொண்டு லயத்துக்குப் பின்பக்கம் நடந்துவிட்டாள். பின்பக்கம் பார்க்க ஒன்றும் இல்லை. காடு மூடிய ஒற்றையடிப் பாதையும், அதன் முடிவில் பழைய பீலியும்தான். மலைத் தண்ணீர் விழுகிற அந்தப் பீலி அங்கே இருப்பது, லயத்தில் இருந்தவர்களைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

விஜயலெட்சுமி மழையில் இறங்கி ஓடினாள். அண்ணன் பின்னால் கூப்பிட்டது காதில் விழவில்லை.

பாதையில் புல் மிதிபட்டுக் கிடந்தது. பீலியில் தண்ணீர் நூலாக வடிந்துகொண்டிருந்தது. துணி துவைக்கிற கல்லின் மேல், லயத்துப் பெண்கள் கழுவி வைக்கிற மாதிரியே, பதினாலாவது கோப்பை கவிழ்த்து வைத்திருந்தது.

பக்கத்தில் நீலக் குடை, மடித்தபடி.